மேட்டில் ஆடிய துணி

எங்கள் ஆபீசில் ஒரு பொருளைச் சரிபார்ப்பது என்றால் அது இருக்கிறதா என்று பார்ப்பது. டெலிபோன் இருக்கிறதா, இருக்கிறது. சிவப்புத் துணி இருக்கிறதா, இருக்கிறது. மூங்கில் பரண் ஆள் ஏறினால் தாங்குமா, தாங்கும். கீழே ஒரு கையெழுத்து, பக்கத்தில் ஒரு முத்திரை. பிரெஞ்சுக்காரன் இருந்தபோதும் இப்படித்தான், அவன் கொடி இறங்கி நம் கொடி ஏறி நாலு வருஷம் ஆன பிறகும் இப்படித்தான். முத்திரை மட்டும் மாறியிருந்தது.

நான் சொல்வது 1958-இல் நடந்தது. கடலோரக் குப்பங்களுக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். சென்னையிலிருந்து எங்கள் ஆபீசுக்குத் தந்தி வரும். நாங்கள் கனகசெட்டிக்குளத்துப் பழைய சுங்கச்சாவடிக்கு டெலிபோன் செய்வோம். அங்கே வாட்ச்மேன் கோவிந்தராசு ஓடிப்போய், மணல் மேட்டில் கட்டியிருக்கும் பரண் மேல் ஏறி, சிவப்புத் துணியைத் தலைக்கு மேலே வீசுவான். கடலில் இருக்கிற கட்டுமரங்கள் அதைப் பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். குப்பத்துப் பஞ்சாயத்தைக் கூட்டிச் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதைச் சோதித்துப் பார்த்து எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய ஆட்கள் அதைப் பிரெஞ்சில் எஸ்ஸே என்பார்கள், சென்னைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த மேலதிகாரி இராமதாஸ் டெஸ்ட் என்பார். நல்ல மனுஷர். ஆனால் காப்பியைக்கூட நின்றுகொண்டே குடிக்கிற அவசரக்காரர். மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துக் கொடு சுப்பராயன், ஒரு நாள் வேலைதானே என்றார்.

நான் ஒரு மாதம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கொடி ஆடுகிறதா என்பது கேள்வியே இல்லை என்று அவரிடம் சொன்னேன். இந்த ஏற்பாடு எதற்கு? கட்டுமரம் கரைக்குத் திரும்புவதற்கு. அப்படியானால் மரம் திரும்பியதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். காலையில் திரும்புகிறதா, மத்தியானத்துக்கு மேல் திரும்புகிறதா, கிட்டத்தில் இருப்பவன் திரும்புகிறானா, எட்டத்தில் வலை போட்டுக் குனிந்திருப்பவன் திரும்புகிறானா, கோவிந்தராசு சோறு தின்னப் போயிருந்தால் துணியை யார் எடுப்பது, இதையெல்லாம் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்று குப்பத்துக்குச் சொல்லவே கூடாது. சொல்லிவிட்டால் கல்யாண மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் பரணையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். நடந்த பிறகு எழுதினால் மனசு நடந்ததற்குத் தக்கபடி வளைந்து கொடுத்துவிடும். என் மனசு எனக்குத் தெரியும்.

ஆபீசில் சிரித்தார்கள். துணி ஆட்டுவதற்கு இவ்வளவு படிப்பா என்றான் பக்கத்து மேசைக்காரன். படித்தவன்தானே நான், லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்ட காசு வீணாகக் கூடாது என்றேன்.

உண்மையான காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவள் பெயர் செல்வாம்பாள்.

நான் பிறந்தது கனகசெட்டிக்குளத்தில்தான். எனக்குப் பத்து வயதில் அப்பா போய்விட்டார். முத்தியால்பேட்டையில் மில் வேலையில் இருந்த மாமா என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து, என்னைப் படிக்க வைத்தார். கடல் எனக்கு அதோடு விட்டுப்போயிற்று. செல்வாம்பாளும் முத்துவும் நானும் அதுவரை ஒரே மணலில் புரண்டவர்கள். நான் வேலைக்குப் போய், அம்மாவிடம் அவளைப் பெண் கேட்கச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் முத்துவுக்கும் அவளுக்கும் பரிசம் போட்டுவிட்டார்கள். கல்யாணத்தில் பந்தி பரிமாறியது நான்தான். முத்து என் தோளில் கை போட்டுக்கொண்டு, நீ இல்லாட்டி இந்தச் சோறு எறங்காதுடா என்றான். நல்லவன்தான், மூக்கு நுனியில் கோபம் வைத்திருந்தாலும் நல்லவன்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு கார்த்திகை மாதம் அவர்களுக்குள் சண்டை. சொல்லாமல் கொள்ளாமல் கூட்டாளிகளோடு காரைக்கால் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வந்தான் முத்து. அவள் வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டினாள். போறதுன்னா ஒரேயடியா போயிடு என்றும் சொல்லிவிட்டாள். அவன் சாப்பிடாமல் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு மத்தியானம் கடலில் இறங்கினான். வானம் சரியில்லை என்று மற்றவர்கள் யாரும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. செல்வாம்பாள் மணல் மேட்டுக்கு ஓடி, மேல் துணியை உருவித் தலைக்கு மேல் சுழற்றி வீசி வீசிக் கூப்பிட்டிருக்கிறாள். கூட நின்ற பெண்களும் வீசினார்கள். அவன் பார்த்தான். பார்த்தது கரையில் இருந்தவர்களுக்கே தெரிந்ததாம், துடுப்பை நிறுத்தி எழுந்து நின்றானாம். பிறகு மரத்தின் மூக்கைக் கிழக்கே திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவன் திரும்பவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை. ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது: முத்து கோபக்காரன், பெண்டாட்டி சொன்னபடி ஒரேயடியாகப் போய்விட்டான்.

அவள் அழவே இல்லை. தாலியை அவளே கழற்றி எல்லையம்மன் கோயில் உண்டியலில் போட்டாள். காரியம் செய்ய வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் வந்தபோது, வேண்டுமென்றே போனவனுக்குக் காரியம் எதற்கு என்று கதவைச் சாத்தினாள். மறுவாரமே மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு முத்தியால்பேட்டை கடைத்தெருவில் வந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் மீன். வெள்ளிக்கிழமை, கிருத்திகை எதுவும் பார்க்காமல் வாங்கினேன். அம்மா முதலில் சந்தோஷப்பட்டாள், பிறகு திட்டினாள், கடைசியில் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட என் காதல் தெரிந்திருந்தது. செல்வாம்பாளுக்கும் தெரியும். அவள் கை மீனை எடுத்துப் போடும், கண் வேறெங்கோ இருக்கும். நான் அவளுக்கு எதிரே நின்றுகொண்டே அவளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். எட்டத்தில் இருப்பவளுக்காக ஏங்கினால் ஊர் பரிதாபப்படும். இதற்கு யாரும் பரிதாபப்பட மாட்டார்கள்.

அந்த ஆவணியில் ஒருநாள், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டே விட்டேன். கூடை காலியாகி அவள் துண்டை உதறிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. நீதான் அந்தத் துணி வீசற பரீட்சை நடத்தறவனாமே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அது முடியட்டும். கூப்பிட்டா மரம் திரும்புதான்னு நான் பாக்கணும். திரும்பிச்சின்னா, அந்த ஆளு வேணும்னேதான் என்னை உட்டுட்டுப் போனான். அப்ப எனக்கும் அவனுக்கும் ஒண்ணும் இல்ல. உங்க அம்மாவ வரச் சொல்லு, வந்துடறேன்."

மரம் திரும்பினால் அவள் எனக்கு. அரசாங்கம் எனக்குக் கொடுத்த வேலையும் மரத்தைத் திருப்புவதுதான். இப்படி ஒரு அதிர்ஷ்டம் எவனுக்கு வாய்க்கும் என்று அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், ஏறி மிதிக்கக்கூடத் தோன்றவில்லை.

முதல் சோதனை புரட்டாசியில் ஒரு காலை. மரத்துக்காரர்கள் யாருக்கும் சொல்லாமல் வைத்தேன், செல்வாம்பாளை மட்டும் வரச் சொல்லியிருந்தேன். பொழுது நன்றாக ஏறியிருந்தது. டெலிபோன் மணி அடித்தது, கோவிந்தராசு ஓடினான், துணி ஆடியது. மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வலை போட்டிருந்தவன்கூட வலையை வாரிக்கொண்டு வந்தான். இராமதாஸ் என் முதுகில் தட்டினார். மேட்டுக்குக் கீழே பெண்கள் நடுவே செல்வாம்பாள் நின்றிருந்தாள். மரங்கள் கரை தட்டும் வரை பார்த்துவிட்டு, கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். முகத்தில் ஒரு கசப்பு. அந்தக் கசப்பு எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் கடைத்தெருவில், அம்மாவ எப்ப கூட்டிட்டு வர்றே என்று அவளே கேட்டாள்.

இங்கேதான் நுணலும் தன் வாயால் கெடும் என்பது. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு என்றேன். காலையில் வெயில் துணி மேல் விழுகிறது, சாயங்காலம் துணிக்குப் பின்னாலிருந்து அடிக்கும், அதையும் பார்த்துவிட வேண்டும் என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இராமதாஸும் அப்படித்தான் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து பேனாவையே எடுத்துக் கொடுத்துவிட்டார், எல்லாம் பார்த்தாயிற்று, அந்த ஒன்றில் என்ன வந்துவிடப் போகிறது, கையெழுத்தைப் போடு என்று.

போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒன்றை நானே எழுதி வைத்திருந்தேன். எதிரே 'எல்லா மரங்களும் கரை திரும்ப வேண்டும்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் எனக்கும் அந்த முத்திரைக்கும் என்ன வித்தியாசம்? இன்னொன்றும் உண்டு. முத்து போனது மத்தியானத்துக்கு மேல்தான். நாளைக்கு அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மத்தியானத்தில் பார்க்காமல் விட்டோமே என்று நான் விழித்துக்கொண்டிருக்கக் கூடாது. அவளுடைய சம்மதம் எனக்கு ஓட்டையில்லாமல் வேண்டும் என்று பேராசைப்பட்டேன்.

நாலு நாள் கழித்து வைத்தோம். சூரியன் மேற்கே இறங்கி, மணல் மேட்டுக்குப் பின்னால் போயிருந்தது. கடலில் சாமிக்கண்ணுவின் மரமும் இன்னும் சில மரங்களும் இருந்தன. சாமிக்கண்ணு முத்துவுக்குத் தொழில் கற்ற காலத்திலிருந்து கூட்டாளி. செல்வாம்பாளும் வந்திருந்தாள். இந்தக் கிறுக்கன் இன்னும் என்ன பார்க்கப் போகிறான் என்று வந்திருப்பாள் போலிருக்கிறது, எனக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். அவள் மேல் மீன் வாசனையோடு மஞ்சள் வாசனையும் அடித்தது.

கோவிந்தராசு பரணில் ஏறித் துணியை வீசினான். கீழேயிருந்து பார்க்க எனக்கே அது சிவப்பாகத் தெரியவில்லை. வெயிலுக்கு எதிரே கறுப்பாக ஏதோ ஆடியது.

மரங்களில் துடுப்பு நின்றது. ஆட்கள் எழுந்து நின்றார்கள். பார்த்துவிட்டார்கள் என்று எனக்கு மூச்சு வந்தது. பிறகு மரங்களின் மூக்கு திரும்பியது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு எல்லாமே. கிழக்கே. போட்டி போட்டுக்கொண்டு துடுப்புப் போட்டார்கள். இராமதாஸ் தூரக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்து அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"போறாங்களேய்யா," என்றார்.

நான் செல்வாம்பாளைப் பார்த்தேன். அவள் இதை முன்பே ஒரு தடவை பார்த்தவள். அதே மேடு, அதே திசை. கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

பொழுது சாயும் நேரத்தில்தான் மரங்கள் வந்தன. மரத்தை மணலில் ஏற்றுவதற்கு முன்னாலேயே சாமிக்கண்ணு கோவிந்தராசுவைத் திட்ட ஆரம்பித்துவிட்டான். எங்கேடா கூட்டம், ஒரு நெத்திலிகூட இல்லாத கடலுக்கு எதுக்குடா விரட்டினே என்று. யாருக்கும் முதலில் புரியவில்லை. செல்வாம்பாள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள்.

"எதுக்குக் கெழக்கால போனீங்க?"

"மேட்டுல துணி ஆடிச்சி. தலைக்கு மேல வீசினா மீன் கூட்டம் வெளிய நிக்குது, அங்க போன்னுதானே? எங்கப்பன் காலத்துலேருந்து அதானே சாடை? துணி கண்ணுல பட்டதும் கை தானா திருப்பிடிச்சி."

சிவப்புத் துணி என்றால் திரும்பச் சொன்னோமே என்று இராமதாஸ் கேட்டார். எங்கே சிவப்பு, கறுப்பாத்தானே தெரிஞ்சது என்றான் சாமிக்கண்ணு. அதற்குப் பிறகுதான் அவனுக்கே அது உறைத்திருக்க வேண்டும். பஞ்சாயத்தில் முதலில் தலையாட்டியவனே அவன்தான். கடலில் மீன் கூட்டம் நிற்பதைப் பார்த்து மேட்டிலிருந்து துணி வீசுகிற ஆண்கள் எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பத்து வயது வரை அந்தச் சாடையைப் பார்த்துக் கைதட்டி ஓடியவன் நான். பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசும்போது எல்லோருக்கும் புயல்தான் ஞாபகம் இருந்தது. கடலில் நிற்கிறவனுக்கு மீன்தான் ஞாபகம் இருக்கும்.

ஒவ்வொருவராகச் செல்வாம்பாளைத் திரும்பிப் பார்த்தார்கள். சாமிக்கண்ணு தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அவள் மணலில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இது உன் குற்றம் இல்லை, அந்த நேரத்தில் உனக்கு அந்தச் சாடை தோன்றவில்லை, பயத்தில் எவளாக இருந்தாலும் அப்படித்தான் வீசியிருப்பாள் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷமாக எங்கோ இருந்த கண் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"தெரியாம வீசினேன். அதுக்கு நான் காலத்துக்கும் அழுதுக்கறேன். ஆனா சுப்பராயா, அவரு என்னைப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கல. என் கைய நம்பித்தான் போயிருக்காரு."

சொல்லிவிட்டு அழுதாள், அழுகைக்கு நடுவே சிரித்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் சின்ன வயசில் பார்த்தது. அதை மறுபடி பார்க்கத்தான் மூன்று வருஷம் மீன் வாங்கினேன். பார்த்தாயிற்று. எனக்காக மலர்ந்த முகம் இல்லை அது.

ஏற்பாட்டை மாற்றினோம். துணியே வேண்டாம் என்று, மேட்டில் பச்சை ஓலையைக் கொளுத்தி இரண்டு இடத்தில் புகை போட வைத்தோம். இந்தத் தடவை முதலிலேயே ஒவ்வொரு மரத்துக்காரனையும் தனித்தனியாகக் கேட்டேன், கடலில் நின்று கரையில் ரெட்டைப் புகையைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றும் என்று. ஒன்றும் தோன்றாது என்றார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. காலை, மத்தியானம், மப்பு போட்ட நாள் எல்லாவற்றிலும் பார்த்தோம். மரங்கள் திரும்பின. எழுதி வைத்தபடியே எல்லாம் நடந்தது, நான் கையெழுத்துப் போட்டேன், இராமதாஸ் முத்திரை குத்தினார்.

செல்வாம்பாள் அந்த நாட்களில் கடைத்தெருவுக்கு வரவில்லை. ஒரு காலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நான் வெளியே போனேன். எதிரே கடல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் என்ன சொல்ல வந்திருப்பாள் என்று தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லை. அம்மாவை வரச் சொல்லு என்ற வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அவருக்குக் காரியம் செய்யணும். கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல, புள்ளயும் இல்ல. தம்பி எடத்துல நின்னு நீதான் செய்யணும். வேற யாரையும் கேக்க எனக்கு மனசு வரல."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். செய்யறேன் என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் என்னைக் கும்பிட்டிருக்க வேண்டாம்.

ஐப்பசியில் மழைக்கு நடுவே ஒரு நல்ல வெயில் நாளில் செய்தோம். மீசையை எடுத்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஊரே கரையில் நின்றது. பிண்டத்தையும் பாலையும் எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கி, கிழக்கே பார்த்து நின்று ஊற்றினேன். முத்து, நீ நல்லவன்தான்டா என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பின்னால் கரையில் செல்வாம்பாள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். மூன்று வருஷம் அடைத்து வைத்திருந்த அழுகை. அவன் பெயரைச் சொல்லி, அவன் போட்ட சண்டையைச் சொல்லி, அவன் திங்காமல் போன சோற்றைச் சொல்லி அழுதாள். ஒரு பெண் என்னை நினைத்து அப்படி ஒரு நாள் அழுவாள் என்றால் நானும் கிழக்கே போய்விடுவேன் என்று தோன்றியது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, செத்துப்போன என் சிநேகிதனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் அழுது முடிக்கும் வரை கரைப் பக்கம் திரும்பவே இல்லை.